ஈ.எஸ்.ஐ. என்றால் ஆஸ்பத்திரி மட்டும் இல்லை

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கணக்குப் பார்ப்பது என் தொழில். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் ஆதார் நகல் கேட்கும்போது பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: “எனக்கு ஈ.எஸ்.ஐ. வேண்டாங்க சார். அந்த ஆஸ்பத்திரிக்கு யாரு போறா?”

கூட்டம், காத்திருப்பு, “மருந்து அடுத்த வாரம்தான் வரும்” என்ற பதில். குறை சொல்ல நிறைய உண்டு, நானும் சொல்வேன். ஆனால் மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் என்றால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து விலக முடியாது. அதைவிட முக்கியம், மருத்துவம் இதில் ஒரு பாதிதான். உடம்புக்கு முடியாமல் வேலைக்குப் போகாத நாட்களுக்குப் பணம் தருவது மறுபாதி. அதைக் கேட்டு என்னிடம் வருகிறவர்கள் மிகக் குறைவு.

நலத்திட்டம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ரேஷன் அரிசி, சத்துணவு, மகளிர் உரிமைத்தொகை. எல்லாம் வரிப்பணத்தில் நடப்பவை. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடும் அப்படித்தான். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. சரி, ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் வீட்டில் படுத்திருந்தால் வாடகையை யார் கட்டுவது? நின்றுபோகும் சம்பளமும் நோயின் செலவுதான் என்பதை நாடு முழுமைக்குமான கட்டாயச் சட்டமாக 1883-இல் கொண்டுவந்தது பிஸ்மார்க் சான்சலராக இருந்த ஜெர்மனி. தொழிலாளி மேல் இருந்த பாசத்தால் அல்ல, அவர்கள் சோஷலிஸ்ட் கட்சிப் பக்கம் போய்விடக்கூடாது என்ற கணக்கில். தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து பணம் போடும் அதே முறையைத்தான் 1944-இல் பேராசிரியர் அடார்கர் அரசுக்குக் கொடுத்த அறிக்கை இந்தியாவுக்கும் பரிந்துரைத்தது. 1948-இல் சட்டம் வந்தது, 1952-இல் கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது.

இன்று தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25. சம்பளம் 10,000 என்றால் 75 ரூபாயும் 325 ரூபாயும். 20,000 வாங்குகிறவர் இரண்டு மடங்கு கட்டுகிறார், ஆனால் இருவருக்கும் கிடைக்கும் வைத்தியம் ஒன்றே. சில கம்பெனிகளில் முதலாளி பங்கையும் சேர்த்து 4 சதவீதத்தைச் சம்பளத்தில் பிடித்துவிடுகிறார்கள். அது சட்டப்படி தவறு. சம்பளச் சீட்டைப் பாருங்கள்.

இனி பணத்துக்கு வருவோம். ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என ஆறு மாதக் கணக்கு. ஓர் ஆறு மாதத்தில் 78 நாட்களுக்குப் பங்கு கட்டப்பட்டிருந்தால், பின்னால் வரும் அதற்குரிய ஆறு மாதப் பலன் காலத்தில் நோய்க்காலப் பணம் உண்டு. சராசரி நாள் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. காசநோய், புற்றுநோய் போன்ற நீண்டகால நோய் என்றால், இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்தவருக்கு 80 சதவீதம், இன்னும் நீண்ட காலத்துக்கு. பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம். வேலையில் அடிபட்டால் 78 நாள் நிபந்தனையே இல்லை. சேர்ந்த முதல் நாளிலிருந்தே 90 சதவீதம். வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ சாலையில் அடிபட்டாலும், அது வேலைப் பயணம்தான் என்று நிரூபித்தால், வேலையில் நடந்த விபத்தாகவே எடுத்துக்கொள்வார்கள். இந்தப் பிரிவு 2010-இல் சேர்க்கப்பட்டது. அவிநாசி ரோட்டில் காலை ஷிப்ட் நேரத்து பைக் நெரிசலைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இங்கேதான் எங்கள் ஊர் வழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. புத்தகத்தில் ஒரு சம்பளம், கையில் ஒரு சம்பளம். நாளுக்கு 600 ரூபாய் வாங்கும் ஓவர்லாக் டெய்லருக்குக் கணக்கில் 400 காட்டுவார்கள், மீதி சனிக்கிழமை கவரில் வரும். இதனால் ஈ.எஸ்.ஐ.யில் தொழிலாளிக்கு மிச்சம் நாளுக்கு ஒன்றரை ரூபாய், முதலாளிக்கு ஆறரை ரூபாய். (பி.எஃப்.பில் மிச்சமாவது இதைவிட அதிகம், உண்மையான காரணமும் அதுதான்.) அப்படி ஒருவர் வேலைக்கு வரும் வழியில் வேன் மோதி, தொடை எலும்பு முறிந்து 60 நாள் படுத்துவிட்டார். கிடைத்தது நாளுக்கு 360. முழுச் சம்பளம் கணக்கில் இருந்திருந்தால் 540 வந்திருக்கும். 10,800 ரூபாய் போயிற்று. அவர் மனைவி என் மேஜையில் அந்தக் கவர்களை எடுத்து வைத்து, “இதுவும் சம்பளந்தானுங்களே?” என்று கேட்டார். சம்பளம்தான், ஆனால் கவருக்குக் கணக்கு கிடையாது.

விபத்து நடந்த பிறகு அவசரமாக ஐ.பி. நம்பர் (தொழிலாளியின் ஈ.எஸ்.ஐ. பதிவு எண்) எடுக்கும் கம்பெனிகளும் உண்டு. அந்தக் கோப்பு நகராது. சேர்ந்து பத்து நாளுக்குள் நம்பர் கைக்கு வரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். ஆதாரிலும் பேங்க் கணக்கிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும், பணம் நேராக அங்கேதான் வரும். அவசரத்துக்குத் தனியார் மருத்துவமனையில் சேர்ந்தாலும் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குத் தகவல் சொல்லி, அங்கிருந்து சான்று வாங்கிவிடுங்கள். நோய்க்காலப் பணம் நின்றுபோன பல கேஸ்களில் இல்லாமல் போனது இந்த ஒரு தாள்தான். ஒடிசாவிலோ பீகாரிலோ குடும்பம் இருந்தால், அவர்களுக்கு அங்கேயே சிகிச்சை கிடைக்கும்படி பதியலாம்.

இவ்வளவும் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில். தொடக்கத்திலிருந்தே பத்துக்குக் கீழே இருந்தால் கட்டாயமில்லை. அதனால்தான் ஒரே கட்டடத்தில், ஒரே முதலாளியின் பவர் டேபிள்கள் (தையல் கூடங்கள்) இரண்டு பெயரில் ஓடுகின்றன. மாடியில் எட்டுப் பேர், கீழே எட்டுப் பேர். அங்கே விரலில் ஊசி ஏறினால் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் வழியில்தான் முதலாளியிடம் கேட்க வேண்டும். அவர் மறுத்தால் வழக்குப் போட வேண்டும். வழக்கு முடிகிற வரை மாதாமாதம் எதுவும் வராது.