சொரியாசிஸ்: சொறியா, செதிலா?

தோலில் செதில் செதிலாக உதிரும் நோய் ஒன்று, எழுத்தில் 'சொரியாசிஸ்'. பேச்சில் அது 'சொறியாசிஸ்' ஆகிவிடுகிறது. வல்லின றகரம் போட்டே எழுதுகிறவர்களும் உண்டு. தமிழ்ச் 'சொறி'யிலிருந்து வந்த சொல் என்று நினைப்பதுதான் காரணம். அப்படியில்லை. கிரேக்கத்தில் 'ப்சோரா' என்றால் அரிப்பு. தேய்த்தல் என்ற வினையிலிருந்து பிறந்தது. ஒலி ஒத்துப்போவது தற்செயல்.

பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் காலத்திலேயே இந்தச் சொல் உண்டு. ஆனால் அவர் சொன்னது கண்ணிமையில் வரும் வேறொரு அரிப்பை. இன்றைய பொருளுக்கு வழி போட்டவர் ராபர்ட் வில்லன் (1757–1812). லண்டன் கேரி தெருவில் ஏழைகளுக்கான மருந்தகத்தில் நோயாளிகளைப் பார்த்தவர். அதுவரை தோல் நோய்களை ஆளுக்கொரு பெயரால் அழைத்துவந்தார்கள். அவர் புள்ளி, கொப்புளம், சீழ்க்கட்டி, செதில் என்று கண்ணுக்குத் தெரியும் வடிவத்தை வைத்து எட்டு வகையாகப் பிரித்தார். 1798 முதல் பகுதி பகுதியாக நூலும் வெளியிட்டார்.

அவரும் ஒரு சிக்கலை விட்டுவைத்தார். வட்டமாக வந்தால் 'லெப்ரா', ஒழுங்கில்லாமல் படர்ந்தால் 'சொரியாசிஸ்' என்று ஒரே நோய்க்கு இரண்டு பெயர். 'லெப்ரா' கிரேக்கத்தில் செதில் தொடர்பான சொல். அதற்குள் மொழிபெயர்ப்புகள் வழியே தொழுநோய்க்கும் அது ஒட்டிக்கொண்டிருந்தது. 1841இல் வியன்னாவின் தோல் மருத்துவர் ஹெப்ரா இந்த நோயிலிருந்து 'லெப்ரா' என்ற பெயரைக் கழற்றிவிட்டார். செதில் உதிரும் நோய்க்கு அரிப்பின் பெயர் மிஞ்சியது, செதிலின் பெயர் தொழுநோயோடு போனது!

தமிழில் எப்படிச் சொல்வது? தாம்பரம் சானடோரியத்துத் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் 'காளாஞ்சகப்படை' என்பார்கள். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்து, ஊதா நிறம் இறங்கிய தைலத்தைத் தடவக் கொடுப்பார்கள். மரபான பெயர்தான். ஆனால் 'படை' என்றதும் நமக்கு மின்சார ரயிலில் விற்கும் 'சொறி, சிரங்கு, படை' களிம்புதான் நினைவுக்கு வருகிறது. சொறி சிரங்கு நுண்பூச்சியால் வருவது, தொற்றும். சொரியாசிஸ் தொற்றாது, உடலின் எதிர்ப்பாற்றல் தடம் மாறுவதால், சுமார் நான்கு வாரத்தில் புதுப்பிக்க வேண்டிய மேல்தோல் சில நாட்களிலேயே வளர்ந்து செதிலாகிறது.

'தடிப்புத்தோல் அழற்சி' சரியே, நோயாளி வாயில் வராது. என் தேர்வு 'செதிலுதிர் நோய்'. ஆங்கிலப் பெயரையே எழுதுவதானால், இடையின ரகரம்.