வால்வு ஆபரேஷனுக்கு முன் கிட்னியையும் பாருங்கள்

"ஹார்ட்டுக்குத்தானே சார் வந்திருக்கோம், கிட்னி டாக்டர் எதுக்கு?" வால்வு மாற்று அறுவை சிகிச்சைக்கு முன் என்னிடம் அனுப்பப்படுபவர்களின் வீட்டார் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. கையில் ரிப்போர்ட் இருக்கும். தசையிலிருந்து வந்து கிட்னி வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் 1.2. பக்கத்திலேயே நார்மல் 0.6 முதல் 1.2 வரை என்று அச்சாகியிருக்கும். அப்புறம் சந்தேகம் எப்படி வரும்?

அந்த 1.2 யாருடையது என்று பார்க்க வேண்டும். 25 வயது இளைஞருக்கு என்றால், வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் இ.ஜி.எஃப்.ஆர். (கிட்னி ரத்தத்தை வடிகட்டும் வேகம்) சுமார் 86 வரும்; கவலையில்லை. 65 வயது அம்மாவுக்கு அதே 1.2 என்றால் சுமார் 50தான். 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். வயதாகித் தசை கரைந்த உடம்பில் கிரியாட்டினின் உற்பத்தியே குறைவு என்பதால் நோய் வெளியே தெரிவதில்லை. ஆகவே இ.ஜி.எஃப்.ஆரையும் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்தின் அளவையும் கேட்டு வாங்குங்கள்.

நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றும்போது ரத்தத்தை ஓட்டுவது இதய-நுரையீரல் இயந்திரம். அப்போது ரத்த அழுத்தம் இறங்கலாம், சிவப்பணுக்கள் சிதையலாம். நல்ல கிட்னி பெரும்பாலும் தாங்கிவிடும். பாதி வேலை மட்டுமே செய்துகொண்டிருந்த கிட்னி சில நேரம் படுத்துவிடும். சிறுநீர் குறையும், நுரையீரலில் நீர் கோத்து வென்டிலேட்டரை எடுப்பது தள்ளிப்போகும், சிலருக்கு டயாலிசிஸ் வரை போகும். உயிராபத்தும் கூடுகிறது. தொடை வழியாக வால்வு பொருத்தும் டாவியில் இந்த இயந்திரம் பொதுவாகத் தேவைப்படாது. ஆனால் சி.டி., ஆஞ்சியோ, டாவி என்று அடுத்தடுத்து, படம் தெளிவாகத் தெரிவதற்கான கான்ட்ராஸ்ட் மருந்து ஏறும்; அது கிட்னிக்குச் சுமையாகலாம். கிட்னி நிலவரம் முன்பே தெரிந்தால் நடுவே இடைவெளி விடலாம், மருந்தின் அளவையும் குறைக்கலாம்.

அதற்காக ஆபரேஷனே வேண்டாம் என்று வீட்டுக்குக் கூட்டிப்போய்விடாதீர்கள். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் வழியிலுள்ள அயோர்டிக் வால்வு மிகவும் சுருங்கியிருந்து, அதை அப்படியே விட்டால் கிட்னிக்குப் போகும் ரத்தமும் குறையும். வால்வு சரியானபின் கிட்னியும் தேறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு எந்த வால்வு என்பது உண்மையிலேயே கடினமான முடிவு. மெக்கானிக்கல் வால்வு என்றால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாத்திரை. இவர்களுக்கு ரத்தக்கசிவு எளிதில் வரும். விலங்குத் திசுவில் செய்த திசு வால்வில் கால்சியம் படிந்து சீக்கிரம் கெடலாம். வயது, மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும் வாய்ப்பு எல்லாவற்றையும் வைத்து இதய சர்ஜனும் கிட்னி டாக்டரும் சேர்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும்.

கேட்டாலொழிய யாரும் சொல்லாத ஒன்று உண்டு: மூட்டுவலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக். ஆபரேஷனுக்கு முன் அது கிட்னியைத் தளர்த்தும். பின்பு அசிட்ரோமோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். எந்த வலி மாத்திரையையும் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள்.

வால்வு மாற்றியவர் டயாலிசிஸிலும் இருந்தால், காய்ச்சலை லேசாக விடக்கூடாது. கிருமி ரத்தத்தில் கலந்து புது வால்வில் உட்கார்ந்துவிடும் ஆபத்து இவர்களுக்கு அதிகம். நீங்களாகவே கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டால் கல்ச்சரில் (ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) கிருமி பிடிபடாமல் போகலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்து, முதலில் ரத்த கல்ச்சருக்குக் கொடுங்கள்.