வரவு, செலவு, தரவு

தண்டையார்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் மேலாண்மைத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறான். போன வாரம் ஒரு கருத்தரங்க அழைப்பிதழின் மாதிரிப் படியைக் கொண்டுவந்து, "பெரியப்பா, பிழை இருந்தால் சொல்லுங்கள்" என்றான். துறையின் பெயர் இப்படி இருந்தது: 'செயல்பாடுகள் மற்றும் தகவல் மேலாண்மை மற்றும் தகவல் பகுப்பாய்வு'. இரண்டு 'மற்றும்'களைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டிருப்பேன். இரண்டு 'தகவல்'களை விட முடியவில்லை. முதலாவது இன்ஃபர்மேஷன், அடுத்தது டேட்டா. ஒரே மூச்சில் இரண்டுக்கும் ஒரே சொல்லா?

டேட்டா இலத்தீன் சொல். 'தரப்பட்டவை' என்று பொருள். வருவது வரவு, செல்வது செலவு, தருவது தரவு. பொருளும் வேரும் இத்தனை பொருத்தமாக அமைவது அபூர்வம். கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் தரவு என்றுதான் பெயர். தரவு, தாழிசை, தனிச்சொல், சுரிதகம் என்று பள்ளியில் ஒப்பித்தவர்களுக்கு நினைவிருக்கும். கணினிக்காரர்கள் நேற்றுச் செய்த சொல் என்று யாரும் இதை ஒதுக்க வேண்டாம்.

"தகவல் என்றால் எல்லோருக்கும் புரியும், தரவு யாருக்குப் புரியும்?" என்று வழக்கமான கேள்வியைப் பையனும் கேட்டான். அவனுடைய நோட்டையே எடுத்துவரச் சொன்னேன். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசைதான் அவனுடைய ஆய்வு. ஜீரோ கேட் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் இரவெல்லாம் உட்கார்ந்து எழுதியிருக்கிறான். வரிசையில் வந்து நின்ற நேரம், உள்ளே போன நேரம்: 2.10, 4.35. 2.14, 4.50. 2.31, 5.20. அடுத்த வரியில் டீ சிந்தி ஒரு நேரம் அழிந்து, பக்கத்தில் கேள்விக்குறி.

"இது என்ன?"

"டேட்டா."

"இதிலிருந்து என்ன தெரிகிறது?"

"கணக்குப் போட்டால்தான் தெரியும். பிந்தி வந்த வண்டி அதிக நேரம் நின்றிருக்கிறது."

"அதுதான் தகவல். டிரைவருக்கு வேண்டியது அது. இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தால் வடை மடித்துக்கொள்வார்."

டீ பட்டு அழிந்த அந்த நேரம் 'விடுபட்ட தரவு'. அதை 'விடுபட்ட தகவல்' என்று எழுதிப் பாருங்கள். யாரோ எதையோ சொல்லாமல் மறைத்ததுபோல் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் சட்டத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்கிறோம், அது நிலைத்துவிட்டது. 2023இல் வந்த சட்டம் தனிநபர் டேட்டாவைப் பாதுகாப்பதற்கானது. அதையும் 'தகவல்' என்று எழுதினால், ஒரு சட்டம் திறக்கச் சொல்வதை இன்னொன்று பூட்டச் சொல்கிறதா என்று படிப்பவர் குழம்ப மாட்டாரா? புரியாது என்ற வாதமும் நிற்காது. இலங்கையில் பள்ளிப் பிள்ளைகள் தரவு என்றே படிக்கிறார்கள்.

எளிமை என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் சோம்பல். வாயில் முதலில் வந்த சொல்லைப் போட்டுவிட்டு, மக்களுக்குப் புரிய வேண்டும் என்று மக்கள் மேல் பழி போடுவது. மொழிபெயர்ப்பு இயந்திரத்தில் ஒட்டி எடுப்பவர்கள் இன்னும் மோசம். ஒரு வேலையை எப்படிச் சிறப்பாக நடத்தலாம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் ஆப்பரேஷன்ஸ் ரிசர்ச்சை 'அறுவைசிகிச்சை ஆராய்ச்சி' என்று ஒரு விளம்பரத்தில் பார்த்திருக்கிறேன். இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன் பிரிட்டனில், ரேடாரைப் படையினர் எப்படிப் பயன்படுத்துவது என்று ஆராய்ந்ததில் வளர்ந்த துறை அது. அதில் கத்தியும் இல்லை, தையலும் இல்லை.

'செயல்பாடுகள், தகவல் மேலாண்மை, தரவுப் பகுப்பாய்வு' என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன். நேற்று அச்சான அழைப்பிதழ் வந்தது. 'செயல்பாடுகள் மற்றும் தரவு மேலாண்மை மற்றும் தரவு பகுப்பாய்வு' என்று இருக்கிறது.