பழைய கார் ஹீட் ஆகிறதா? எப்போது ஹீட் ஆகிறது என்று முதலில் பாருங்கள்

மாருதி 800, ஆம்னி போன்ற பழைய வண்டிகள் ஹீட் ஆகிறது என்று வந்தால், பல ஒர்க்‌ஷாப்புகளில் முதல் வேலையாக, இன்ஜின் சூடானதும் கூலன்டை (குளிர்விக்கும் திரவத்தை) ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். டெம்பரேச்சர் மீட்டர் முள் கொஞ்ச நாள் இறங்கி நிற்கும், கோளாறு அப்படியே இருக்கும். இன்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் பெட்ரோல் குடிக்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். எதையும் கழற்றும் முன், வண்டி எப்போது ஹீட் ஆகிறது என்று கேட்டாலே பாதி வேலை முடிந்தது.

சிக்னலில் நிற்கும்போது முள் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ஃபேனைப் பாருங்கள். முள் பாதியைத் தாண்டியும் ஃபேன் சுற்றவில்லை என்றால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால், கார்பரேட்டர் வண்டியில் சூட்டைப் பார்த்து ஃபேனைப் போடும் தெர்மோ சுவிட்சின் கனெக்டரைப் பிடுங்கி, இக்னிஷனை ஆன் செய்து, கனெக்டரின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணையுங்கள். கை ஃபேனுக்கு அருகில் இருக்கக் கூடாது. ஃபேன் சுற்றினால் சுவிட்ச் போய்விட்டது. சுற்றாவிட்டால் ரிலே, மோட்டார் அல்லது ஒயரிங். எம்பிஎஃப்ஐ (கார்பரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் உள்ள) வண்டியின் சென்சாரை இப்படி ஷார்ட் செய்யாதீர்கள்.

பைபாஸில் வேகமாகப் போகும்போது மட்டும் ஹீட் ஆனால் ஃபேன் மேல் பழி போட வேண்டாம். பெரும்பாலும் ரேடியேட்டர் அடைத்திருக்கும். வருஷக்கணக்காகப் போர் தண்ணீர் ஊற்றிய வண்டிகளில் டியூபுக்குள் உப்புப் படிந்து, மூடியைத் திறந்தால் துருநிறத்தில் சேறு தெரியும். இன்ஜின் சூடானதும் அணைத்துவிட்டு, ஃபேன் கனெக்டரைப் பிடுங்கி, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் ரேடியேட்டர் முழுக்கப் பாருங்கள். நடுவில் எங்காவது திட்டாகக் குளிர்ந்திருந்தால் அங்கே கூலன்ட் ஓடவில்லை. ஆக்ஸிலேட்டரை ஏற்றும்போது கீழ் ஹோஸ் சப்பிப் போகிறதா என்பதையும் கவனியுங்கள். தளர்ந்த பெல்ட், அரித்துப்போன வாட்டர் பம்ப் இறக்கை ஆகியவையும் இதே அறிகுறியைத்தான் காட்டும்.

ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களில் முள் உச்சிக்குப் போய், மேல் ஹோஸ் மட்டும் குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கிறது. கழற்றி, பாத்திரத்தின் அடியைத் தொடாமல் நூலில் தொங்கவிட்டுத் தண்ணீரைச் சூடாக்குங்கள். அதன் மேல் 82 என்று பொறித்திருந்தால் அந்த டிகிரியையொட்டித் திறக்கத் தொடங்கி, தண்ணீர் கொதிக்கும் முன் முழுதாகத் திறந்துவிட வேண்டும்.

ரேடியேட்டர் மூடியை யாரும் கண்டுகொள்வதில்லை. மூடி 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கினால் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் 100லேயே கொதித்து ரிசர்வ் டப்பா வழியாகப் பொங்கிவிடும். விலை குறைந்த பாகம், முதலிலேயே மாற்றிப் பாருங்கள்.

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினால், ரிசர்வ் டப்பாவில் விடாமல் குமிழி வந்தால், ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள சீல்) போயிருக்க வாய்ப்பு அதிகம். ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் பிளாக் டெஸ்ட் திரவம் நீலத்திலிருந்து மஞ்சளாக மாறினால், சிலிண்டர் புகை கூலன்டில் கலக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. அப்போது கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடிவிட்டால் மறுபடி போகும். அலுமினிய ஹெட் வளைந்திருக்கிறதா என்று ஸ்ட்ரெய்ட் எட்ஜும் (நேர்ப்பட்டை) ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து அளக்கச் சொல்லுங்கள். இந்தச் சிறிய இன்ஜின்களில் 0.05 மில்லிமீட்டர் வளைவைத் தாண்டினால் ஃபேஸிங் (ஹெட்டின் அடிப்பரப்பைச் சமமாகச் சீவுவது) செய்தே ஆக வேண்டும்.

வழியில் முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். ஏறிய முள் திடீரென்று கீழே விழுந்தால் சரியாகிவிட்டது என்று நம்பி ஓட்டாதீர்கள். சென்சாரைத் தொடக் கூலன்டே இல்லாமல் போனாலும் முள் இறங்கும். ஹோஸ் கையால் தொடும் சூட்டுக்கு வரும்வரை மூடியில் கை வைக்க வேண்டாம், கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம்.

வேலை முடிந்து கூலன்ட் நிரப்பும்போது மூடியைத் திறந்தே வைத்து, ஹீட்டரைப் போட்டு, தெர்மோஸ்டாட் திறந்து காற்று முழுக்க வெளியேறும்வரை ஐடிலில் ஓடவிடுங்கள். மறுநாள் காலை குளிர்ந்த இன்ஜினில் அளவு இறங்கியிருந்தால் நிரப்பி, ஒரு வாரம் கவனியுங்கள்.