விருந்துக்குப் பின் ஆறு மணி நேரம்: இதயத்தில் என்ன நடக்கிறது?

பண்டிகைக் காலம் வந்தால் எடை ஏறிவிடுமே என்றுதான் பலரும் கவலைப்படுகிறார்கள். இதயத்துக்கு அது இரண்டாம்பட்சம். அமெரிக்காவில் 195 பேரை ஆண்டிறுதி விடுமுறைக் காலத்தில் எடை பார்த்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில், சராசரியாகக் கூடியிருந்தது 0.37 கிலோதான். ஸ்வீடன் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. அங்கே 1998 முதல் 2013 வரை மாரடைப்போடு மருத்துவமனைக்கு வந்த சுமார் 2,83,000 பேரின் பதிவுகளைப் புரட்டியபோது, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளில் மாரடைப்பு 37 சதவீதம் கூடுதலாக இருந்தது. உச்சம் இரவு 10 மணியை ஒட்டி. பழியைச் சாப்பாட்டின் மேல் மட்டும் போட்டுவிட முடியாது. மனப் பதற்றம், தூக்கக் குறைவு எல்லாம் அன்றைக்குக் கூடவே இருக்கும். ஆனாலும் மாதக்கணக்கில் சேரும் ஆபத்து ஒன்று, சில மணி நேரத்தில் வெடிக்கும் ஆபத்து இன்னொன்று. பண்டிகை நாளில் பார்க்க வேண்டியது இரண்டாவதைத்தான்.

வயிறு நிரம்பியதும்

ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் இறைக்கிறது. அதில் சுமார் கால் பங்கு குடலுக்கும் கல்லீரலுக்கும் போகும். பெரிய சாப்பாடு உள்ளே போனால் குடலுக்குப் போகும் ரத்தம் இரண்டு மடங்கு வரை கூடும். அதை ஈடுகட்ட நாடித்துடிப்பு ஏறும், ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தமும் கூடும். இந்தக் கூடுதல் வேலை இரண்டு மூன்று மணி நேரம் நீடிக்கும். நல்ல இதயத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை. இதயத் தசைக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரி நாளம் குறுகியிருப்பவருக்கு அப்படியல்ல: சாப்பிட்டவுடன் நெஞ்சு இறுகுவது அடைப்பு மோசமாக இருப்பதற்கான அறிகுறிகளில் ஒன்று. மாரடைப்பிலிருந்து பிழைத்த சுமார் 2,000 பேரை விசாரித்து 2000-இல் முன்வைக்கப்பட்ட ஓர் ஆய்வு, வழக்கத்துக்கு மீறிய பெரிய சாப்பாட்டுக்கு அடுத்த இரண்டு மணி நேரத்தில் ஆபத்து சுமார் நான்கு மடங்காகிறது என்றது. நோயாளிகளின் ஞாபகத்தை நம்பிய கணக்கு என்பதால் அந்த 'நான்கு' என்ற எண்ணைக் கல்லில் எழுத வேண்டாம். போகும் திசை சரிதான்.

எனவே இதய நோய் உள்ளவர் சாப்பிட்ட கையோடு மூட்டை தூக்குவதும், மாடிப்படி ஏறி இறங்குவதும், ஆட்டம் போடுவதும் கூடாது. இரண்டு மணி நேரம் போகட்டும். நிதானமாக நடப்பது வேறு, அதில் தப்பில்லை. வயதானவர்களுக்கு எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. குடலுக்கு ரத்தம் திரும்பும்போது மற்ற இடங்களின் நாளங்கள் போதுமான அளவு சுருங்காவிட்டால், ரத்த அழுத்தத்தின் மேல் எண் 20 புள்ளிக்கு மேல் சரியும். சாப்பிட்டு எழுந்தவுடன் கண் இருட்டி விழுவது இதனால்தான். மாவுப்பண்டமும் இனிப்பும் அதிகமான சாப்பாட்டில் சரிவு கூடும். பகுதி பகுதியாகப் பிரித்துச் சாப்பிடுவதும், சாப்பாட்டுக்கு முன் இரண்டு தம்ளர் தண்ணீர் குடிப்பதும் நன்றாகவே உதவும். நீர் அளவைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் கட்டுப்பாடு வைத்திருந்தால் மட்டும் தண்ணீர் யோசனையை விட்டுவிடுங்கள்.

கொழுப்பு போகும் வழி

சர்க்கரை குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போய்விடும். சாப்பாட்டிலுள்ள கொழுப்பில் பெரும்பகுதி அந்த வழியில் போவதில்லை. குடல் செல்கள் அதைக் கைலோமைக்ரான் என்ற நுண்துளிகளாகப் பொதிந்து நிணநீர்க் குழாய்களில் விடுகின்றன. அவை மார்பு வழியாக ஏறி, கழுத்தின் இடது அடிவாரத்தில் உள்ள சிரையில் கலக்கின்றன. கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்கு மூன்று நான்கு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்துச் செல்களைப் பிரித்துப் பாருங்கள்: வெளிர் மஞ்சளாகத் தெளிந்திருக்க வேண்டிய பிளாஸ்மா, பால் கலந்தாற்போல் வெண்மையாக இருக்கும். ரத்தத்தில் ஓடும் கொழுப்பான டிரைகிளிசரைடு உச்சத்தில் நிற்கும் நேரம் அது. பழைய நிலைக்குத் திரும்ப ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும்.

தசைகளிலும் கொழுப்புத் திசுவிலும் உள்ள நுண்நாளச் சுவர்களில் லைப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதி ஒட்டியிருக்கிறது. கைலோமைக்ரானை உடைத்துக் கொழுப்பை உள்ளே இழுத்துக்கொள்வது இதுதான். உடைந்தபின் மிஞ்சும் எச்சத் துகள்கள் தமனியின் உட்சுவருக்குள் நுழையும் அளவுக்குச் சிறியவை. தமனிப் படிவுகளுக்கு வித்திடுவது சாப்பாட்டுக்குப் பிந்தைய இந்த நேரம்தானோ என்று சில்வர்ஸ்மிட் என்ற ஆய்வாளர் 1979-இல் எழுப்பிய கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது. 1997-இல் ஆரோக்கியமான சிலருக்கு 50 கிராம் கொழுப்புள்ள காலை உணவு கொடுத்துப் பார்த்தார்கள். கைத் தமனி விரியும் திறன் நான்கு மணி நேரம் வரை மங்கியே இருந்தது. அதே கலோரியில் கொழுப்பில்லாத உணவு கொடுத்தபோது அப்படி ஆகவில்லை.

50 கிராம் என்றால் எவ்வளவு? ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 14 கிராம். மூன்றரைக் கரண்டியில் வந்துவிடும். சிப்ஸ் 100 கிராமில் 30 கிராமுக்கு மேல் கொழுப்பு இருக்கும். விருந்தில் 50 கிராமைத் தாண்டாதவர் குறைவு.

ஒரு வேளை தாண்டினால் உடம்பு சமாளித்துக்கொள்ளும். பண்டிகை நாளில் தட்டு மேசையை விட்டுப் போவதே இல்லை என்பதுதான் தொல்லை. ஒரு மணிக்குச் சாப்பிட்டதன் அலை ஐந்து மணிக்கு இறங்கத் தொடங்கும். அப்போது வாயில் போடும் பொரித்த பண்டம் அதை மறுபடி தூக்கிவிடும். இரவு வரை ரத்தம் தெளியாது. மது சேர்ந்தால் கல்லீரல் அதை எரிக்கும் வேலையில் மூழ்கி, கொழுப்பை எரிப்பதை ஒத்திப்போடும். டிரைகிளிசரைடு இன்னும் உயரமாக ஏறி இன்னும் மெதுவாக இறங்கும். சர்க்கரைப் பானத்தில் உள்ள ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரை கல்லீரலிலேயே புதுக் கொழுப்பாக மாறும். ஆகவே பெரிய விருந்தை விரும்பினால் ஒரு வேளை சாப்பிடுங்கள். அடுத்த ஐந்தாறு மணி நேரத்துக்குப் பழம், காய், உப்பில்லாத கொட்டை ஒரு கைப்பிடி, இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இதை மட்டும் கடைப்பிடித்தாலே பாதி வேலை முடிந்தது.

உடற்பயிற்சியை எல்லாரும் விருந்துக்கு மறுநாளைக்குத் தள்ளுகிறார்கள். செய்ய வேண்டியது முந்தைய நாள் மாலை. முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் தசையில் லைப்பேஸ் நொதி கூடும். அந்தக் கூடுதல் உடனே வருவதில்லை. பல மணி நேரம் கழித்துத்தான் உச்சம் தொடும், மறுநாள் வரை நிற்கும். மறுநாள் விருந்தின் கொழுப்பு வந்து சேரும்போது நொதி தயாராகக் காத்திருக்கும்.

வாணலியில்

பொரிக்கும்போது எண்ணெய் 170 முதல் 180 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். ஒரே ஈட்டில் நிறையப் போட்டால் சூடு சட்டென்று இறங்கும், மேல்தோல் இறுக நேரமாகும், பண்டம் எண்ணெய் குடிக்கும். ஆனால் எண்ணெயில் பெரும்பங்கு உள்ளே இறங்குவது வாணலியில் கொதிக்கும்போது அல்ல. அப்போது நீராவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். பண்டத்தை வெளியே எடுத்ததும் உள்ளிருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்கி, மேலே படிந்த எண்ணெயை உறிஞ்சிக்கொள்கிறது. அரித்தெடுத்த கரண்டியை நன்றாக உதறி, சூடு ஆறுவதற்குள் தாளில் போட்டு ஒற்றிவிடுவதுதான் பலன் தரும். ஐந்து நிமிடம் கழித்து ஒற்றினால் தாள்தான் வீண். நுரைத்துக் கறுத்துக் கெட்டியான எண்ணெய் இன்னும் அதிகமாக ஒட்டும். அதை அடுத்த ஈட்டுக்கு வைக்காதீர்கள்.

வீட்டில் பொரித்தால் டிரான்ஸ் கொழுப்பு மலிந்துவிடும் என்ற பயம் மிகை. அதன் முக்கிய ஊற்று, பகுதியளவு ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய கொழுப்பு. கடைப் பிஸ்கட்டிலும் கேக்கிலும் உறையைத் திருப்பி அந்தப் பெயரைத் தேடுங்கள். நாளின் கலோரியில் 2 சதவீதம், அதாவது 2,000 கலோரி உண்பவருக்கு நாலரை கிராம் கூட வராத அளவு, தினமும் இதிலிருந்து வந்தால் இதயநாள நோய் ஆபத்து 23 சதவீதம் கூடுகிறது. மொத்தக் கொழுப்பின் 100 கிராமில் 2 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு.

உப்பு, தண்ணீர், எடை

நாளுக்கு 5 கிராம் உப்புக்குள் இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். தலைதட்டிய ஒரு தேக்கரண்டி உப்பு 6 கிராம். நான்கு பேருக்கான ஒரு பதார்த்தத்தில் ஒரு தேக்கரண்டி போட்டால் ஆளுக்கு ஒன்றரை கிராம். விருந்தில் ஐந்து பதார்த்தம் என்றால் ஏழரை கிராம், ஒரே வேளையில். எந்தப் பதார்த்தமும் தனியாக உப்புக் கரிக்காது, அதுதான் ஏமாற்றுகிறது. சமையல் சோடா ஒரு தேக்கரண்டியில் சுமார் 3 கிராம் உப்புக்குச் சமமான சோடியம் இருக்கிறது, நாக்குக்குத் தெரியாமல்.

உடம்பு கூடுதல் உப்பைத் தண்ணீரில் கரைத்துத்தான் வைத்திருக்கும். ஏறத்தாழ 9 கிராமுக்கு ஒரு லிட்டர். விருந்துக்கு மறுநாள் தராசில் கூடும் ஒரு கிலோ பெரும்பாலும் இதுதான்; நல்ல சிறுநீரகம் சில நாளில் வெளியேற்றிவிடும். இதயச் செயலிழப்பு, அதாவது ரத்தத்தைப் போதுமான அளவு இறைக்க முடியாத இதயம், உள்ளவருக்கு அந்த நீர் நுரையீரலில் தேங்கும். அவர்கள் தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின் எடை பார்க்க வேண்டும். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால், மூச்சு வாங்காவிட்டாலும் மருத்துவரை அழைக்க வேண்டும். பயணத்தில் கழிப்பறை கிடைக்காது என்று நீர் மாத்திரையைத் தவிர்ப்பது, உடம்பு வலிக்கு ஐபுபுரூஃபன் போடுவது, இரண்டும் உப்பையும் நீரையும் தேக்கும். விருந்தோடு இந்த இரண்டும் ஒரே நாளில் சேர்ந்தால் மருத்துவமனைதான்.

சமைப்பவர் செய்யக்கூடியது: வேகும்போது பாதி உப்பு, இறக்கும்போது எலுமிச்சையோ வேறு புளிப்போ சேர்ப்பது, மீதி உப்பைத் தேவைப்பட்டால் மேலாகத் தூவுவது. மேற்பரப்பில் இருக்கும் உப்பு நாக்குக்கு எடுப்பாகத் தெரியும். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு பலருக்கு நல்லது. சிறுநீரக நோயாளிகளும், ஸ்பைரோனோலாக்டோன், எனலாப்ரில் போன்ற இதய, ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

துடிப்பு தவறினால்

வார இறுதியிலும் விடுமுறையிலும் நிறையக் குடித்துவிட்டு, தாளம் தவறிய இதயத்தோடு வந்தவர்களைப் பற்றி எட்டிங்கரும் சக மருத்துவர்களும் 1978-இல் எழுதினார்கள். 'விடுமுறை இதயம்' என்ற பெயர் அப்போது வந்தது. மது இதய மேலறைகள் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே எடுக்கும் மின் ஓய்வு நேரத்தைச் சுருக்குகிறது, அட்ரினலினைத் தூண்டுகிறது. மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் கிளம்ப இது போதும். முன்பு இதய நோயே இல்லாதவருக்கும் வரலாம். மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். துடிப்பு ஒழுங்கே இல்லாமல் தாறுமாறாக வந்தால் ஈசிஜி எடுக்க வேண்டும். கூடவே மயக்கமோ மூச்சுத்திணறலோ இருந்தால் அந்த நிமிடமே.

விருந்து நாளில் நெஞ்சுவலிக்கு முதலில் கிடைக்கும் பெயர் 'வாயு'. செரிமான மருந்து குடித்து வலி கொஞ்சம் அடங்குவது எதையும் நிரூபிக்காது. மாரடைப்பு வலியும் இடையில் தணிந்து திரும்பும். நெஞ்சு நடுவில் அழுத்தமாக, கையிலோ தாடையிலோ பரவி, வியர்த்துக் கொட்டி, பத்து நிமிடத்தில் விலகாத வலி என்றால் விருந்தினர் போகட்டும் என்று காத்திருக்காதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு வலி இல்லாமல் வியர்வையும் மூச்சிரைப்பும் மட்டும் வரலாம். தானே வண்டி ஓட்டிப் போகாமல் ஆம்புலன்ஸை அழையுங்கள். நடுவழியில் துடிப்பு நின்றால், மின் அதிர்ச்சி கொடுத்து அதை மீட்கும் டிஃபிப்ரிலேட்டர் கருவி அதில்தான் இருக்கும்.