நெஞ்சுவலியா? ஈசிஜி எடுக்க மிஸ்ஸிக்காகக் காத்திருக்காதீர்கள்

அண்மையில் இன்னொரு முறை அதே கதை. மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்து அம்மா ஒருவர், இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர். நெஞ்சை அடைக்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது. இதயத்தின் மின்பதிவை எடுக்கும் ஈசிஜி கருவியோடு, ஆண் தாதியான (நர்ஸ்) நான் போனதும் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “நீ போ தம்பி, மிஸ்ஸி வரட்டும்.” மிஸ்ஸி என்று அவர் சொன்ன பெண் தாதியோ அடுத்த கட்டிலில் மூச்சுத் திணறும் குழந்தையோடு இருந்தார்.

நெஞ்சுவலி என்று வந்தால் 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்து டாக்டர் பார்த்தாக வேண்டும். மாரடைப்பா என்று உடனே தெரிய வேண்டுமே.

“ஆம்பளைக்கு இங்கே என்ன வேலை?” என்று முகத்துக்கு நேராகவே கேட்கிறார்கள். நானும் தாதிதான். டாக்டர் படிப்பு கிடைக்காமல் ஒதுங்கியவன் இல்லை. எம்.ஏ. எனப்படும் மருத்துவ உதவியாளரும் இல்லை, அது வேறு வேலை. மிஸ்ஸிகளோடு ஒரே வகுப்பில் டிப்ளோமா படித்து, அதே தேர்வு எழுதி, 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின் கீழ் பதிவு செய்தவன். வருடா வருடம் லைசென்ஸ் புதுப்பிக்கிறேன். இன்னொன்றும் சொல்கிறேன்: பால்மரக் காலத்தில் உங்கள் பாட்டிக்கு ஊசி போட்ட தோட்டத்து டிரெஸர் யார்? அவரும் ஆண்தானே!

ஈசிஜிக்குக் கை கால்களில் நான்கு, நெஞ்சில் ஆறு இணைப்புகள். அதில் ஒன்று இடது மார்புக்குக் கீழே ஒட்ட வேண்டும். ரவிக்கைக்கு மேல் ஒட்ட முடியாது. இடம் மாறினால் பதிவே தப்பாகிவிடும். திரையை இழுத்துவிட்டு, நெஞ்சின்மேல் துண்டைப் போர்த்தித்தான் ஒட்டுவோம். மார்பைச் சற்று உயர்த்த வேண்டி வந்தால் புறங்கையால்தான்.

கூச்சப்படுவது தப்பில்லை, அம்மா. “பக்கத்தில் ஒரு பெண் இருக்கட்டும்” என்று தாராளமாகக் கேளுங்கள். எங்களுக்கும் அதுதான் விருப்பம். மகளோ மருமகளோ கூட நிற்கலாம். ஆனால் தள்ளிப்போடாதீர்கள். திரைக்கு வெளியே நின்று “வேண்டாம்” என்று அம்மாவுக்கும் சேர்த்துப் பதில் சொல்லும் மகன்களே, உங்களைத்தான் கெஞ்சிக் கேட்கிறேன்: அவரைப் பேச விடுங்கள்.

அப்புறம், வாயு என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டு விடியும்வரை படுத்திருக்காதீர்கள். இனிப்புநீர் உள்ள பெண்களுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும். திடீரென மூச்சு வாங்கினாலோ, குமட்டலோடு வேர்த்தாலோ 999க்கு அடியுங்கள். மோட்டார் சைக்கிளில் உட்கார வைத்துக் கூட்டி வராதீர்கள். சாப்பிடும் மருந்துகளையும், பழைய ஈசிஜி தாள் இருந்தால் அதையும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.