ஆள்கடத்தலா, ஆள்வணிகமா?

போன வாரம் ஒரு விழிப்புணர்வுச் சுவரொட்டியை மெய்ப்புப் பார்க்கக் கொடுத்தார்கள். நாடுகளுக்கிடையே நடக்கும் ‘ஆள்கடத்தல்’ பற்றியது. படத்தில் முகமூடி போட்ட ஒருவன் சிறுமியின் வாயைப் பொத்தி வேனுக்குள் இழுக்கிறான். வரைந்தவரைக் குறை சொல்ல மாட்டேன். ‘கடத்தல்’ என்று எழுதிக் கொடுத்தால் வேறு எதை வரைவார்?

‘கட’ என்பதன் பிறவினை ‘கடத்து’. கடக்கச் செய்வது, அவ்வளவுதான். தங்கம் கடத்துவதற்கும் பணம் கேட்டுப் பிள்ளையைத் தூக்கிப்போவதற்கும் அதே சொல். ஆனால் ‘ஆள்கடத்தல்’ என்று நாம் மொழிபெயர்க்கும் ஆங்கிலச் சொல்லான டிராஃபிக்கிங் (trafficking) அப்படியல்ல. டிராஃபிக் என்றால் ஆங்கிலத்தில் முதலில் வாணிபம். டிராஃபிக்கிங்கைத் தடுக்க 2000-இல் ஐ.நா. ஏற்ற பன்னாட்டு உடன்படிக்கையான பலெர்மோ நெறிமுறையும் மிரட்டியோ ஏமாற்றியோ ஒருவரின் இக்கட்டைப் பயன்படுத்தியோ சுரண்டலுக்காக ஆள் சேர்ப்பதைத்தான் சொல்கிறது. திருட்டுத்தனமாக எல்லை தாண்ட வைப்பதற்கு அதே ஆண்டில் தனி நெறிமுறை உண்டு. நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு இரண்டும் ‘கடத்தல்’!

நேபாளத்தைப் பாருங்கள். இந்தியாவுக்குள் வர நேபாளிகளுக்கு விசா வேண்டாம். 2015 நிலநடுக்கத்தில் சிந்துபால்சோக் மாவட்டத்தில் வீடுகள் தரைமட்டமாயின. வீடு கட்ட வாங்கிய கடன், பாதியில் நின்ற படிப்பு, ஆண்கள் மலேசியாவுக்கும் கத்தாருக்கும் வேலைக்குப் போய்விட்ட குடும்பங்கள். தரகன் அங்கே முகமூடி போட்டு வருவதில்லை. தெரிந்தவனாக, சில சமயம் உறவுக்காரனாகவே வருகிறான். டெல்லியில் வீட்டு வேலை என்கிறான், முன்பணம் தருகிறான். அந்தப் பெண் பட்டப்பகலில் சோதனைச் சாவடி வழியாகத் தன் காலால் நடந்து வருகிறாள். இதில் கடத்தல் எங்கே இருக்கிறது?

கடத்தல் என்றதும் போலீஸ் பிடித்தால் போதும் என்று தோன்றிவிடுகிறது. வணிகம் என்றால்தான் வாங்குகிறவன் யார், தரகுக்காரன் யார், அந்த வீடு ஏன் அவனை நம்பியது என்று கேட்கத் தோன்றும். ‘வணிகம் நல்ல சொல்லாச்சே, இதற்குப் போய் வைக்கலாமா’ என்கிறார்கள். அடிமை வணிகம் என்று வரலாற்றுப் பாடத்தில் படிக்கும்போது யாருக்கும் உறுத்தவில்லையே. சிலர் ‘மனித வணிகம்’ என்கிறார்கள். பொருள் சரிதான். ஆனால் எதற்கெடுத்தாலும் முன்னால் ‘மனித’ ஒட்டுவது மொழிபெயர்ப்புப் பழக்கம். வேலைக்கு ஆள் பிடிப்பது, ஆள் அனுப்புவது என்று ஊரில் புழங்கும் ‘ஆள்’ இருக்கும்போது அது எதற்கு?

சரி, தலைப்பை அடித்து ‘ஆள்வணிகம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். படத்தையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன்: திண்ணையில் உட்கார்ந்து ரூபாய் எண்ணும் தரகன், எதிரே அந்தப் பெண்ணின் அப்பா.